ஆலங்கிணற்றுப் பல்லிகள் உச்சுக் கொட்டிய ஆண்டு

பல்லி சொன்னால் பலிக்கும் என்று தமிழ் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி சத்தமிட்டால், கேட்டுக்கொண்டிருப்பவர் விரல் நுனியால் தரையைத் தட்டி, 'பாத்தியா, பல்லியே சொல்லிட்டுது' என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த நம்பிக்கை தவறு என்பதை மிகுந்த வருத்தத்தோடும் ஓராண்டுக் காலச் சான்றுகளோடும் இங்கே பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஓர் ஊரைப் பார்த்துவிட்டு எல்லா ஊரையும் பற்றி முடிவு கட்டுவது தருக்கப் பிழை என்பதால், கீழே சொல்லப்படுவது ஆலங்கிணறு என்ற ஊரின் பல்லிகளுக்கு மட்டுமே பொருந்தும். மற்ற ஊர்ப் பல்லிகள் எதற்காகக் கத்துகின்றன என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆலங்கிணற்றில் ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை தொடங்கி, ஓட்டு வீட்டிலும் மச்சு வீட்டிலும், மாவு மில்லிலும் மருந்துக்கடையிலும், பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்குப் பின்னாலும் பிள்ளையார் கோயில் விளக்கு மாடத்திலும் குடியிருந்த அத்தனை பல்லிகளும் ஒரே ஒரு காரணத்துக்காக மட்டும் சத்தமிட ஆரம்பித்தன. யாராவது ஒரு விஷயத்திலிருந்து இன்னொரு விஷயத்துக்கு, நடுவே பாலம் இல்லாத இடத்தில், தாவும்போது அவை சத்தமிட்டன. பொய்க்குச் சத்தமிடவில்லை, ஒழுங்காகக் கோத்துச் சொன்ன பொய்யை அவை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தன. வசவுக்குச் சத்தமிடவில்லை, வசவில் தருக்கம் கிடையாது. 'அவன் செவப்பா இருக்கான், அதனால நல்ல பையனாத்தான் இருப்பான்' என்று ஒருத்தி சொன்னால் சத்தமிட்டன. 'ஊரே சொல்லுது, ஊரு தப்பாவா சொல்லும்' என்று ஒருவர் சொன்னால் சத்தமிட்டன. 'ஒண்ணு எனக்கு ஓட்டுப் போடு, இல்லன்னா நீ எதிரி' என்று ஒரு வேட்பாளர் மேடையில் சொன்னபோது, மேடைக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடச் சுவர் முழுவதும் சத்தமிட்டு, அவர் நூற்று நாற்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஏனென்றால், ஊர் அதை வழக்கப்படிதான் எடுத்துக்கொண்டது. பல்லி சொன்னால் சரி என்று பிறந்ததிலிருந்து கேட்டவர்கள், இப்போது பல்லிகள் முன்பைவிட அக்கறையாகச் சொல்கின்றன என்று மட்டும் நினைத்தார்கள். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கணவன் மனைவி சண்டையில் இருவரும் பேச்சை நிறுத்திச் சுவரைப் பார்க்கப் பழகினார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் பஜ்ஜி வரும் முன்பே உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நிலம் பேசுகிறவர்கள் அரிக்கேன் கண்ணாடிக்குள் ஒரு பல்லியை அடைத்து எடுத்துப் போனார்கள். சுவர் விரிசலைப் பூசாமல் விட்டார்கள், பல்லி குடியிருக்கட்டும் என்று. மாவு மில் முதலாளியும் தெருக் கமிட்டித் தலைவருமான தளவாய், கமிட்டி ஆபீசில் பட்டப்பகலிலும் குழல் விளக்கு எரியட்டும் என்று உத்தரவு போட்டார். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்குத் தீர்மானம் வரும். இந்தச் சங்கிலியில் பிழை இல்லாததால் அவர் அதைச் சொன்னபோது எந்தப் பல்லியும் சத்தமிடவில்லை, அவருக்கு அது கொஞ்சம் மனக்குறையாக இருந்தது. இப்படியாக மூன்று மாதத்தில் ஆலங்கிணற்றில் சந்தேகம் என்பதே இல்லாமல் போயிற்று.

சந்தேகம் மிச்சமிருந்தது இரண்டு பேரிடம். ஒருவர் குற்றாலலிங்கம். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கிற அளவுக்கு அவரோடு யாரும் நெருங்கியதில்லை. வெளியூர் அச்சகம் ஒன்று ஆண்டுதோறும் போடும் பஞ்சாங்கத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக்கொடுப்பது அவருடைய தொழில். பல்லி உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்ற பட்டியலை இருபத்தாறு ஆண்டுகளாக எழுத்துப்பிழை இல்லாமல் அச்சுக்கு அனுப்பியவர்; அதில் வேறு பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அச்சகம் தமக்குச் சம்பளம் தரவில்லை என்று கருதியவர். அவர் படித்த பழைய தருக்க நூல்களில் எல்லாம் ஒரு மலை வரும், மலையில் புகை வரும், புகையிலிருந்து நெருப்பை அறிவார்கள். ஆலங்கிணற்றில் மலை இல்லை. பேசுவதற்கு ஆளும் இல்லை.

மற்றவர் ஆவுடையம்மாள். அந்தச் சித்திரையில் மாற்றலாகி வந்த தபால்காரி. நாற்பத்து மூன்று வயது. கணவனை விட்டுவிட்டு வந்தவள் என்றும் கணவன் விட்டுவிட்டவள் என்றும் ஊரில் இரண்டு கட்சி இருந்தது, இரண்டு கட்சிக்கும் பல்லி சொல்லியிருந்தது. குற்றாலலிங்கத்தின் வீட்டுக்கு எதிரே ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். அச்சகத்திலிருந்து அவருக்கு வாரம் இருமுறை பதிவுத் தபாலில் அச்சுத்தாள் கட்டு வரும். கையெழுத்து வாங்க இரண்டு நிமிஷம் போதும். அவள் தோள்பையை இறக்கிவைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, பத்து நிமிஷம் நிற்பாள்.

"உங்க வீட்லதான் சார் சத்தம் இல்ல," என்றாள் வைகாசியில் ஒருநாள். "மத்த வீட்லயெல்லாம் உள்ள கால் வச்சா காது வலிக்கி."

"பல்லி இங்கயும் இருக்கே. அதோ, நாலு கிடக்கு."

"இருக்கு. ஆனா நீங்க 'அதனால'ன்னு சொல்ல மாட்டியளே. தண்ணி உப்பா இருக்குன்னு சொல்லுவிய, இன்னைக்கு ஏகாதசின்னு சொல்லுவிய, நிறுத்திருவிய." அவள் சொம்பைக் கவிழ்த்துவைத்தாள். "நான் நூத்தி எம்பது வீட்டுக்குப் போறேன் சார். கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். அது ஆமா போடலை. உச்சுக் கொட்டுது."

குற்றாலலிங்கம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"நம்ம ஒருத்தரு ஏதாவது மடத்தனமா பேசுனா நாக்கை மேல ஒட்டி எடுப்போம்லா, உச் உச் உச்னு. அதேதான். இவுக தரையத் தட்டிக் கும்பிடுதாக."

அவர் சோதித்துப் பார்த்தார். சோதிக்காமல் ஏற்பது அவர் வழக்கமில்லை. 'மனிதர் எல்லோரும் சாவார்கள்; தளவாய் மனிதர்; ஆகவே தளவாய் சாவார்' என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான்கு பல்லியும் பேசாமல் இருந்தன. 'காகம் கறுப்பு, தளவாயும் கறுப்பு, ஆகவே தளவாய் காகம்' என்றார். நான்கும் உச்சுக் கொட்டின. ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் வீட்டில் வேறொருவர் சிரித்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கணக்குப் பார்க்க அவர் முயலவில்லை.

அதன் பிறகு அவள் வரும் செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு வாரத்தின் இரண்டு நாட்களாகவும், மற்றவை இரண்டுக்கும் நடுவே போட்ட கோடுகளாகவும் ஆயின. அவள் போன பின் தனியாக இருக்கும் மனிதர்களின் வழக்கப்படி அவர் உரக்கப் பேசிக்கொண்டார். 'இரண்டு நிமிஷ வேலைக்குப் பத்து நிமிஷம் நிற்கிறாள். ஆகவே என்மேல் பிரியம்.' பல்லி உச்சுக் கொட்டியது. அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்தார்: வாதம் தப்பு என்பதால் முடிவும் தப்பு என்று ஆகாது, அப்படி நினைப்பதும் ஒரு பிழைதான். மறுநாள் எதிர்ப்பக்கமாகச் சொல்லிப் பார்த்தார். 'வெயிலுக்கு ஒதுங்குகிறாள், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறாள். ஆகவே என்மேல் ஒன்றும் இல்லை.' அதற்கும் உச்சுக் கொட்டியது. அவளிடமே கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். கேட்பதில் தருக்கம் எதுவும் இல்லை, பல்லி குறுக்கே வராது. அவர் கேட்கவில்லை.

இதற்குள் ஊரில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வைகாசியில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விழுந்தது. ஆனியில் தளவாயின் மில் பெல்ட் அறுந்து ஒரு வாரம் மாவு அரைபடவில்லை. ஆடியில் காற்று வந்தது, மழை வரவில்லை. டீக்கடைக் கனியம்மை வடைச் சட்டியிலிருந்து கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் அந்தத் தபால்காரி வந்த பொறவுதான். அவ கால் வச்ச நேரம்" என்று சொன்ன நொடியில், பாய்லருக்கு மேலே ஒட்டியிருந்த ஏழு பல்லிகளும் ஒன்றாகச் சொல்லின. கடையில் இருந்த ஒன்பது பேரும் பெஞ்சைத் தட்டினார்கள். மாலைக்குள் தெருவே தட்டியது.

அவள் தபால் நீட்டும்போது கையில் வாங்காமல் தரையில் வைக்கச் சொன்னார்கள். பிறகு வாசலுக்கு வராதே, தெருமுனையில் நின்று பெயரைக் கூப்பிடு என்றார்கள். வீட்டுக்காரர் வாடகை முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆள் அனுப்பினார். ஆவுடை குற்றாலலிங்கத்தின் வீட்டில் அதே பத்து நிமிஷம் நின்றாள். ஆனால் பையை இறக்கிவைக்கவில்லை.

"என்னைய மாத்தச் சொல்லி மேலிடத்துக்கு மனு எழுதுதாகளாம் சார். ஞாயித்துக்கெழம கூட்டமாம்."

"நான் போய்ப் பேசுதேன்."

"என்ன பேசுவிய?"

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு நடந்தா, முந்தினது காரணம்னு ஆகாதுன்னு சொல்லுவேன்."

ஆவுடை பையை மறு தோளுக்கு மாற்றினாள். "சொல்லுங்க," என்றாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கமிட்டி ஆபீசில் எண்பது பேர் கூடினார்கள். வெயிலிலும் குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சுவரில் முப்பதுக்குக் குறையாமல் பல்லிகள். ஆவுடை உள்ளே வராமல் வாசற்படியில் நின்றாள். தளவாய் மனுவை வாசித்து முடித்ததும் குற்றாலலிங்கம் எழுந்தார். அந்த ஊர்க் கூட்டத்தில் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"தொட்டி கட்டி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு," என்றார். "விரிசல் விழும் காலம்தான். ஆவுடையம்மாள் வந்தது சித்திரை. அந்தச் சித்திரையில்தான் பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியாரும் வந்தார், நம்ம தலைவர் புது மூக்குக்கண்ணாடியும் போட்டார். அதெல்லாம் காரணம் இல்லையென்றால், ஆவுடையம்மாள் வந்ததை மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது."

பேச்சில் ஓட்டை இல்லை. முப்பது பல்லியும் அசையாமல் இருந்தன.

தளவாய் காது கொடுத்துக் கேட்டார், சுவரையும் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன வே, இவ்வளவு பேசுதீரு, ஒரு பல்லி வாயைத் திறந்துச்சா?"

"நாம சரியாச் சொன்னா அது வாயைத் திறக்காது. தப்பாச் சொன்னாத்தான் திறக்கும். இப்பப் பாருங்க," என்று குற்றாலலிங்கம் வாசல் பக்கம் கையைக் காட்டினார், தண்ணி லாரி சிந்திவிட்டுப் போனதில் தெரு ஈரமாகக் கிடந்தது. "மழை பெஞ்சா தெரு நனையும். தெரு நனைஞ்சிருக்கு. அதனால மழை பெஞ்சிருக்கு."

சுவர் முழுவதும் உச்சுக் கொட்டியது. கனியம்மை எழுந்து, "ஐய, மாடியில வத்தல் காயுது," என்று ஓடினாள். அவள் பின்னால் ஆறு பெண்கள் ஓடினார்கள். வெயில் கண்ணைக் குத்தியது. ஓடினவர்கள் வத்தலை அள்ளிக்கொண்டு திரும்பி வந்து, மழை நின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

"அப்ப மழை பெஞ்சிருக்கு," என்றார் தளவாய். "பல்லி சொன்னது சரிதானே? நீரே நிரூபிச்சிட்டீரே." கூட்டம் சிரித்தது. "அதுவும் போக, ஒத்தக்கட்டை ஆம்பள, எதுத்த வீட்டுப் பொம்பளைக்குப் பரிஞ்சு பேசுதீரு. உம்ம பேச்சு சரியா இருக்குமா?"

பல்லிகள் உச்சுக் கொட்டின. தரையைத் தட்டிய சத்தம் சுவரிலிருந்து சுவருக்குப் போய் வந்தது. மனுவைக் கையெழுத்துக்கு முதல் வரிசையில் கொடுத்தார்கள். அது மைப்பெட்டியோடு கைமாறி, கையெழுத்தும் ரேகையுமாக மூன்றாவது வரிசைக்கு வந்துகொண்டிருப்பதைக் குற்றாலலிங்கம் நின்றபடி பார்த்தார். அவர் ஐந்தாவது வரிசை. எழுத்துப்பிழையைக்கூட வாழ்நாளில் தெரிந்தே விட்டுவைத்ததில்லை அவர். வாசற்படியில் நின்ற ஆவுடை, யாரோ ஒருவருடைய தபாலை வைத்து முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவள் போய்விட்டால் வாரத்தில் ஏழு கோடு மட்டும் இருக்கும்.

"எனக்கு மூணு வருஷமா முழங்கால் வலி," என்றார் உரக்க. "உக்காந்தா எந்திரிக்க முடியாது. ஆவுடையம்மாள் வந்த பொறவு அது போயிட்டு."

இதுவரை உண்மைதான். அவள் வாசலில் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து வாசலுக்கு நடந்ததில் முழங்கால் இளகியிருந்தது. பல்லிகள் பேசாமல் இருந்தன. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"அதனால, அவங்க கால் வச்ச ஊருக்கு நல்லதுதான் நடக்கும்."

அந்த ஆபீஸ் கட்டிய நாளிலிருந்து கேட்டிராத சத்தம் அது. முப்பது பல்லியும் ஒரே மூச்சில் சொல்லி, குழல் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. பிறகு முன்வரிசையில் ஒருவர் தரையைத் தட்டினார். மனு மூன்றாவது வரிசையிலேயே நின்றது. தளவாய் மெதுவாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசற்படியைப் பார்த்தார், இதுவரை பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல.

"யோசிச்சா," என்றார், "தொட்டி இடிஞ்சே விழுந்திருக்கணும். விரிசலோட போச்சு. ஏன் போச்சு? அவ வந்ததாலதான்."

பல்லிகள் சொல்லின.

"உங்க மில்லு பெல்ட்டு அறுந்தப்ப உங்க கை உள்ள இல்லையே, அண்ணாச்சி," என்றாள் வத்தல் மடியோடு நின்ற கனியம்மை. "அதுவும் அவளாலதான்."

பல்லிகள் சொல்லின. அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருவரும் எழுந்து தங்களுக்கு நடக்காத கேடுகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சுவர் ஒவ்வொன்றுக்கும் சொல்லிற்று, வெளிச்சம் மங்கும் வரை சொல்லிற்று. குற்றாலலிங்கம் சிரித்தபடி வாசற்படிப் பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் அச்சகத்துக் கட்டைக் கொண்டுவந்தாள். கையெழுத்து வாங்கினாள். தண்ணீர் கேட்கவில்லை.

"வீட்டுக்காரரு இனிமே வாடகையே வேண்டாம்னுட்டாரு," என்றாள். "காலையில கதவைத் திறந்தா பதினோரு பேரு நிக்காக. ஒருத்தி பிள்ளையை என் கால்ல போடுதா."

"மனு போகலையே. இங்கயே இருக்கலாம்லா?"

"இருக்கலாம்." அவள் ரசீதைப் பைக்குள் வைத்தாள். "சார், முந்தாநேத்து வரைக்கும் நான் விளங்காதவ, இன்னைக்கு ராசிக்காரி. கணக்கு அதேதானே? நீங்க கழித்தலைக் கூட்டலாக்குனிய, தப்பை அப்படியே விட்டுட்டிய."

"வேற வழி இல்ல. அவங்களுக்குப் பல்லி சொல்லணும்."

"அவுகளுக்குத்தான். நானும் அங்க நின்னேன்லா." வாசல் வரை போனவள் திரும்பாமலே சொன்னாள். "'அந்தம்மா இங்க இருக்கணும்னு எனக்கு ஆசை'ன்னு சொல்லியிருந்தா ஒரு பல்லியும் சத்தம் போட்டிருக்காது. ஊரும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டிருக்கும்."

குற்றாலலிங்கம் எழுந்து வாசலுக்கு நடந்தார். அதற்குள் தெருவில் நான்கு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டு, சாவிக்கொத்தைத் தொட்டுத் தரச் சொன்னார்கள்.

புரட்டாசி முழுவதும் அப்படித்தான் இருந்தது. அவள் கையால் தபால் வாங்கினால் காரியம் கைகூடும் என்று ஊர் முடிவு செய்ததால், தபால் வராதவர்கள் தங்களுக்குத் தாங்களே கடிதம் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதி, கீழே தங்கள் கையெழுத்தையே போட்டு, மறுநாள் வாசலில் குளித்து முழுகி நின்று வாங்கிக்கொண்டார்கள். நூற்றெண்பது வீட்டுக்கு முந்நூறு கடிதம். அவளுடைய வலது தோள் இறங்கிப்போயிற்று. புது லாரிக்கு எலுமிச்சம்பழம் வைக்க அவளைக் கூப்பிட்டார்கள், கிணறு தோண்ட இடம் காட்டச் சொன்னார்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள் பேனாவை நீட்டினார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. குற்றாலலிங்கத்தின் வீட்டில் இரண்டு நிமிஷ வேலைக்கு அவள் ஒரு நிமிஷம் நின்றாள். அவரும் ஒருநாள் தமக்குத் தாமே ஒரு கடிதம் எழுதி, உறையை ஒட்டி, விலாசம் எழுதும்போது கிழித்துப் போட்டார்.

ஐப்பசி பிறந்ததும் அவளே மாற்றல் கேட்டு எழுதினாள். கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்று கிடைத்தது. சொல்லிக்கொண்டு போக வந்தபோது தோளில் பை இல்லை, அதனால் அவள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல நின்றாள்.

"வாரேன் சார்."

போகாதீங்க என்பது ஒரே சொல். அதில் முற்கூற்று இல்லை, முடிவு இல்லை, நடுவில் பாலம் கட்ட வேண்டிய பள்ளம் இல்லை. அவர் அதை நாக்கு வரை கொண்டுவந்தார்.

"அங்க கடல் காத்து," என்றார். "அதனால தோள் வலி சரியாயிரும்."

சுவரில் பல்லி உச்சுக் கொட்டியது. ஆவுடை அண்ணாந்து அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரித்துவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் போன மூன்றாம் நாள் மழை பிடித்தது. எட்டு நாள் விடாமல் பெய்து கண்மாய் நிறைந்தது. அவள் போனதால்தான் பெய்தது என்று சிலரும், அவள் வந்து போனதால்தான் பெய்தது என்று சிலரும் சொன்னார்கள். பல்லிகள் இரு சாராருக்கும் சொல்லியதால் சண்டை வரவில்லை. அடுத்த பங்குனியில் பல்லிகள் பழையபடி ஆயின, நினைத்த நேரத்தில் சத்தமிட்டன. வித்தியாசத்தை யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஆண்டு ஆலங்கிணற்றில் பிறந்த பெண் குழந்தைகளில் பதினாலு பேருக்கு ஆவுடை என்று பெயர் வைத்தார்கள். குழந்தைகள் நடக்கப் பழகி, தெருவில் விளையாடும் பருவம் வந்ததும், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தந்த வீட்டு வாசலிலிருந்தும் ஒருத்தி, "ஏ ஆவுடை, வீட்டுக்கு வா, இருட்டப்போகுது," என்று கூப்பிட ஆரம்பித்தாள். மறுவாரம் குற்றாலலிங்கம் ஒரு கொத்தனாரை வரவழைத்து, தெருப்பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டார்.